காகிதத்தின் எடை

அந்த வருடம் வெள்ளை இரவுகள் தொடங்கவிருந்த நாளில் மழை பெய்ததா, பனி விழுந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மொன்ஜியாவைக் கேட்டால் கோட்டை மேடு முழுக்கப் பனி வெளுத்துக் கிடந்தது என்பாள். சின்னவள் ஷிராஸ், வெறும் தூறல்தான் என்பாள். விதாத் இரண்டையும் மறுக்கமாட்டாள். அன்று அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஒரு துணிப்பைக்குள் கிடந்த ஆமையைத்தான்.

அந்த ஊர்க்காரர்கள் கணக்கில் குளிர்காலத்தின் கொடிய நாற்பது இரவுகளில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. கெஃப் ஊரில் தோட்டத்து ஆமைகள் எல்லாம் வெள்ளை இரவுகள் பிறக்கும் முன் மண்ணுக்குள் தூங்கப் போய்விட வேண்டும்; எழுவது வசந்தத்தில்தான். அது அங்கே யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

விதாத்தின் கணவன் ஷெத்லி, சிசிலித் தீவின் தக்காளிக் கூடாரங்களுக்கு வேலைக்குப் போனது இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில். போகும்போது மகள் ஷிராஸிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். "ஸபீபா தூங்கி எந்திரிக்கிற அன்னைக்கு பாபா வாசல்ல நிப்பேன்." ஸபீபா, அவன் சாலையோரம் கண்டெடுத்து வந்த ஆமைக்குஞ்சு. காய்ந்த திராட்சையின் நிறத்தில் இருந்ததால் அவர்கள் மொழியில் திராட்சை என்றே பெயர். இரண்டு கோடையைக்கூட முழுதாகப் பார்க்காத உயிர்.

போன வாரம் ஒன்று நடந்திருந்தது. ஷெத்லியின் அக்கா மொன்ஜியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தன் கைபேசி சத்தம் கேட்டதும், "யாருன்னு பாரேன்" என்றாள். விதாத் எடுத்துக் காதில் வைத்தாள். ஷெத்லி அக்காவுக்குப் பேசி அனுப்பிய செய்தி. "அக்கா, வேலையை இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கிட்டேன். வசந்தத்துக்கு வர முடியாது. வீட்டுல இப்போதைக்குச் சொல்ல வேணாம்."

"யாரு?" என்றாள் மொன்ஜியா, மாவிலிருந்து தலை தூக்காமல்.

"ரொட்டிக்கடைக்காரர்," என்றாள் விதாத்.

அதன்பிறகு மொன்ஜியாவும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பாள். ஒரே சமையலறையில், ஒரே கணப்பின் முன்னால், இரண்டு பெண்களும் அதைத் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கடத்தியிருந்தார்கள்.

இன்று காலை முற்றத்தில் மொன்ஜியா மாதுளம்பழம் வந்த ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒலிவத் தோப்பு மண், மேலே காய்ந்த இலை, அதற்கும் மேலே வைக்கோல்.

"கட்டில் தயார். ராணியம்மா வந்து படுத்தா போதும்," என்றாள். "கல்யாணத்துக்குக்கூட எனக்கு யாரும் இப்படி மெத்தை போடலை."

"உனக்குக் கல்யாணமே ஆகலியே அத்தை," என்றாள் ஷிராஸ்.

"அதான் சொல்றேன். மெத்தை போட்டிருந்தா ஆகியிருக்கும்."

ஷிராஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளி விடுமுறை. காலையிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை. ஸபீபா இன்று தூங்கப் போகிறது. தூங்கினால்தானே எழுந்திருக்கும்.

விதாத் ஆமையைக் கையில் எடுத்தாள். மூக்குத் துவாரத்தில் ஒரு சின்னக் குமிழி தோன்றி உடைந்தது. போன மாதம் சளி பிடித்தபோது ஆட்டு டாக்டரிடம் காட்டினாள். அவர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சது ஆடும் மாடும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். எடை குறையாம இருந்தா தூங்க வை. குறைஞ்சா இந்தக் குளிர்ல விடாத, வெச்ச இடத்துலயே போயிடும்," என்றார்.

எடை குறையவில்லை. வாராவாரம் கடைத்தெருவில் ஹம்மூதாவின் வாசனைச் சாமான் கடையில் நிறுத்துப் பார்த்தார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று தீனியை நிறுத்திய பிறகும் குறையவில்லை.

"அதான் பரக்கத்துங்கிறது, ஆண்டவனோட அருள்," என்றாள் மொன்ஜியா. "திங்காமலே அப்படியே நிக்குது பாரு. என்னைச் சொல்லு, தின்னாத நாள்லயும் ஏறுது."

"லல்லா, மூக்கு இன்னும் ஒழுகுது." மூத்த நாத்தனாரை விதாத் மரியாதையாக அப்படித்தான் அழைப்பாள்.

"குளிர்ல யாருக்கு ஒழுகலை? எனக்கு ஒழுகுது, உனக்கு ஒழுகுது. கடைசியா ஒரு தடவை நிறுத்துட்டு வா. சாயங்காலத்துக்குள்ள உள்ள வெச்சிடணும். வெள்ளை ராத்திரியில முழிச்சுக் கிடக்கிற ஆமை வீட்டுக்கு ஆகாது."

இந்த வீட்டில் விதாத் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முடிவுகள் அவளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். அவள் போய்ச் சேரும்போது அவை ஆறிப்போய் மேசைமேல் இருக்கும். ஆமையைக் கம்பளித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஹம்மூதா அவளைக் கண்டதும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "வாங்க, வாங்க. எங்க கடையிலயே மெதுவா வர்ற வாடிக்கை இதுதான்."

"இன்னைக்குக் கடைசி எடை."

"அப்படியா? தூங்கப் போகுதா? எனக்கும் சேர்த்துத் தூங்கச் சொல்லு, தங்கச்சி. என் சம்சாரம் விடமாட்டேங்கிறா."

பேசிக்கொண்டே அவர் சர்க்கரை மடிக்கும் தடித்த நீலத் தாளை எடுத்தார். ஒன்றை விரித்தார். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. நான்காவதையும் விரித்து, ஓரங்களை மடித்து, தராசுத் தட்டில் தொட்டில்போல வைத்து, அதில் ஸபீபாவை இறக்கினார். மறு தட்டில் எடைக்கல் ஏறியது. முள் நடுவில் நின்றது.

"அதே எடை! மாஷா அல்லாஹ். ஒரு குண்டுமணி குறையலை."

விதாத் முள்ளைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். எத்தனை வாரம் இங்கே நின்றிருக்கிறாள்! எல்லா வாரமும் முள்ளைத்தான் பார்த்திருக்கிறாள்.

"எதுக்கு இத்தனை தாள், அண்ணே?"

"எதுக்கா? முதல் தடவை கொண்டு வந்தப்ப வெறும் தட்டுல வெச்சேன். அதுல ஒண்ணுக்கு இருந்திச்சு. அடுத்த வாரம் ஒரு தாள் போட்டேன், அது நனைஞ்சு தட்டுக்கு வந்திச்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. கருஞ்சீரகம் நிறுக்கிற தட்டு, தங்கச்சி! நாளைக்கு ஊர்க்காரன் குழம்புல வேற வாசனை வந்தா என்னையில்ல கேப்பான்?"

"தாளோட எடையைக் கழிச்சீங்களா?"

ஹம்மூதா அவளை விநோதமாகப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த ஊரில் சர்க்கரை வாங்கினால் தாளோடுதான் நிறுப்பார்கள். கொத்தமல்லி வாங்கினாலும் அப்படியே. தாள் சாமானைச் சேர்ந்தது. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும், விற்கிறவர்களுக்கும் தெரியும், ஆகவே யாரும் பேசுவதில்லை.

"தாளைப் போய் யாராவது கழிப்பாங்களா?" என்றார்.

விதாத் அப்படியே நின்றாள். ஒரு கிழவர் வந்து மிளகாய் கேட்டார், வாங்கிக்கொண்டு போனார். அவள் நகரவில்லை. முதல் வாரம் வெறும் ஆமை. பிறகு ஆமையும் ஒரு தாளும். பிறகு ஆமையும் இரண்டு தாளும். ஆமை குறையக் குறையத் தாள் கூடியிருக்கிறது. பரக்கத் அல்ல. நீலக் காகிதம்.

"இந்த நாலு தாளையும் எனக்குக் குடுங்க," என்றாள்.

இரண்டு கடை தள்ளி அல்லாலாவின் நகைக்கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த தராசு, மூச்சு விட்டாலும் நடுங்கும். அல்லாலா உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே, "விக்கவா, மாத்தவா?" என்றார்.

"நிறுக்க." அவள் ஆமையைப் பலகைமேல் வைத்தாள்.

அல்லாலா உருப்பெருக்கியோடு குனிந்தார். ஆமை அவரைப் பார்த்தது. "நாப்பது வருஷத் தொழில்ல," என்றார் மெல்ல, "தானா நடந்து போற நகையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். தட்டுல ஒண்ணுக்குப் போகாதே?"

"போறதுக்கு அதுகிட்ட தண்ணி இல்லை, அண்ணே."

அவர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஆமையை இரு கையாலும் எடுத்து வைத்து நிறுத்தார். பிறகு நான்கு தாளையும் தனியே நிறுத்தார். எண்களைச் சொன்னார். விதாத் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முதல் வாரத்து எடையில் கால் பங்கு காணாமல் போயிருந்தது. அது போன இடத்தில் காகிதம் உட்கார்ந்திருந்தது.

"கெட்ட சேதியா?" என்றார் அல்லாலா.

"இல்லை. நேரத்தோட வந்த சேதி."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கோழித்தீனிக் கடையில் நின்றாள். குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கும் சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டாள். யாரிடமும் கேட்காமல் அவள் அந்த வீட்டுக்குள் கொண்டு வந்த முதல் பொருள் அதுதான் என்பது, மேட்டில் ஏறும்போது அவளுக்கே உறைத்தது. வேகத்தைக் குறைக்கவில்லை.

சமையலறையில் மொன்ஜியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஷிராஸ் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். விதாத் விளக்கை மேசைமேல் வைத்தாள்.

"கோழி வளர்க்கப் போறியா?"

"ஸபீபா இந்த வருஷம் தூங்காது, லல்லா."

தாள் கதையை அவள் முழுதாகச் சொன்னாள். மொன்ஜியா கேட்டுவிட்டு, "அந்த ஹம்மூதாவை நடுத்தெருவுல நிக்க வெச்சு நாலு வார்த்தை கேக்கணும்," என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனா தூங்கட்டும். காட்டுல இதைவிடச் சின்னதெல்லாம் தூங்குது. அதுகளை யாரு நிறுத்தா?"

"காட்டுல எத்தனை எந்திரிக்காம போச்சுன்னும் யாரும் எண்ணலை."

"விளக்குப் போட்டு மட்டும் பொழைச்சிடுமா?"

"தெரியாது. இங்க இருந்தா என் கண்ணு முன்னாடி இருக்கும். கெட்டுப்போனா தெரியும், ஏதாவது செய்வேன். மண்ணுக்குள்ள போனா ஒண்ணும் செய்ய முடியாது."

"நான் சொல்றேன், பெட்டியில வை."

விதாத் அடுப்பைப் பார்த்தாள். அவள் வழக்கம்போல விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று மொன்ஜியா நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

"நீங்க தூங்க வைக்கச் சொல்றது ஆமையையா லல்லா, ஷிராஸையா?"

கத்தி நின்றது.

"அன்னைக்குப் பேசினது ரொட்டிக்கடைக்காரர் இல்லை," என்றாள் விதாத்.

மொன்ஜியா இடுப்பில் கட்டிய துணியால் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "அப்போ தெரியும் உனக்கு."

"தெரியும்."

"ஒரு வாரமா தெரிஞ்சுக்கிட்டா என்கூட உக்காந்து சாப்பிட்டே?"

"நீங்களும்தானே சாப்பிட்டீங்க."

மொன்ஜியாவுக்குக் கோபம் வந்தது; வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "எங்க அப்பா சுரங்க வேலைக்குப் போனப்போ எங்கிட்ட யாரும் ஒரு பொய்கூடச் சொல்லலை," என்றாள். "வருவாரா மாட்டாரான்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்குவாங்க. ஒரு பொய் இருந்திருந்தா அதைப் புடிச்சுக்கிட்டாவது குளிர்காலத்தைக் கழிச்சிருப்பேன். இவளுக்கு அந்தப் பொய்யாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன். வசந்தம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருப்பா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் என்ன பார்ப்போம்? பெட்டியைத் திறக்கிற அன்னைக்கு, ஆமையும் எந்திரிக்கலை, பாபாவும் வரலைன்னு ரெண்டையும் ஒண்ணாச் சொல்லுவோமா? அதைக் கேட்டுக்கிட்டு நிக்க அவ கல்லா?"

மொன்ஜியா வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. ஷிராஸ் சுடு ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்து, மேசைமேல் இருந்த விளக்கைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஸபீபாவுக்கு," என்றாள் விதாத். "ரொம்ப மெலிஞ்சிடுச்சு கண்ணு. இந்தக் குளிருக்குத் தூங்க வைக்க முடியாது. நம்மகூட முழிச்சிருக்கும்."

ஷிராஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தூங்காம எப்படி எந்திரிக்கும்?"



ஷிராஸ் ரொட்டியைத் தரையிலேயே போட்டாள். பையிலிருந்து ஆமையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அவர்கள் போய்ப் பார்த்தபோது மாதுளைப் பெட்டியின் மூடி சாத்தியிருந்தது. அதன்மேல் ஷிராஸ் உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்திரி," என்றாள் மொன்ஜியா.

"மாட்டேன்."

மொன்ஜியா முன்னால் ஒரு எட்டு வைத்தாள். விதாத் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு பெட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஈரம் பாவாடையில் ஏறியது. ஷிராஸைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளை, எவ்வளவு கனம் இருந்துவிடப் போகிறாள்! ஆனால் அப்படித் தூக்கினால் இந்த வீட்டில் முடிவெடுக்கும் ஆள் மாறியிருக்குமே தவிர, முடிவெடுக்கும் விதம் மாறியிருக்காது என்று விதாத்துக்குத் தோன்றியது.

கடைசியில் ஷிராஸ்தான் பேசினாள். "தூங்கி எந்திரிச்சா வரேன்னுதான் பாபா சொன்னார். தூங்கலைன்னா எப்ப வரணும்னு அவருக்கு எப்படி உம்மா தெரியும்?"

"அதை அவர்கிட்டத்தான் கேக்கணும். ஆமைகிட்ட கேக்க முடியாது."

ஷிராஸ் பெட்டி மூடியின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"ஒரு தடவை அதைக் கையில எடுத்துப் பாரு. கண்ணை மூடிக்கிட்டு எடு. அப்புறமும் மூடி வைக்கணும்னு தோணினா, பேசலாம்."

ஷிராஸ் மெல்ல இறங்கி, மூடியைத் தள்ளி, வைக்கோலுக்குள் கைவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"காலித் தீப்பெட்டி மாதிரி இருக்கு," என்றாள்.

"ம்."

"இப்படியே தூங்கினா எந்திரிக்காதா?"

விதாத்துக்குச் சொல்வதற்கு எத்தனையோ இதமான பதில்கள் இருந்தன. "எந்திரிக்காதுன்னுதான் நினைக்கிறேன்," என்றாள்.

ஷிராஸ் ஆமையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தாள். "அப்ப பாபாவைக் கூப்பிடு," என்றாள். "இப்பவே."

மாலைத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஷெத்லி கைபேசியை எடுத்தான். பின்னணியில் லாரி இரைந்தது. "என் செல்லமே! என்ன, ஸபீபா படுத்தாச்சா?"

"இல்லை பாபா. இந்த வருஷம் தூங்காது. தூங்காததால எந்திரிக்கவும் எந்திரிக்காது. நீ வேற நாள் சொல்லு."

லாரிச் சத்தம் தூரமானது. ஷெத்லி ஏதோ ஒதுக்குப்புறத்துக்கு நடந்து போவது கேட்டது. "அத்தைகிட்ட குடு, கண்ணு."

ஷிராஸ் கைபேசியை நீட்டினாள். மொன்ஜியா அதைத் தொடவில்லை. குனிந்து, உரக்கச் சொன்னாள்: "எங்கிட்ட பேச ஒண்ணும் இல்லை, ஷெத்லி. பிள்ளை கேக்குறா. பிள்ளைக்குச் சொல்லு."

விதாத் திரும்பி அவளைப் பார்த்தாள். மொன்ஜியா பார்க்கவில்லை.

"வசந்தத்துக்கு வர முடியாது," என்றான் ஷெத்லி கடைசியில். "வேலையை நீட்டிட்டேன்."

"எது வரைக்கும்?"

"கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்?"

ஷிராஸ் காத்திருந்தாள். எட்டு வயசுக்கு அவள் காத்திருந்தது அதிகம். பிறகு, "தெரிஞ்சதும் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கைபேசியை உம்மாவின் மடியில் வைத்தாள்.

விதாத் எடுத்தாள். "வெள்ளிக்கிழமை கூப்பிடு. ஒரு நாளைச் சொல்லு. மழுப்பாம சொல்லு," என்றாள். "எனக்கும் உங்கிட்ட கேக்க ஒண்ணு இருக்கு. அக்கா நம்பருக்குக் கூப்பிடாத. என் நம்பருக்குக் கூப்பிடு."

அன்றைய பொழுது முடிந்தபோது நிலைமை இதுதான். மொன்ஜியா பெட்டியிலிருந்த மண்ணை அத்திமரத்தடியில் கொட்டிவிட்டு வந்து சாப்பிட்டாள். ஷிராஸ் சாப்பிடாமல் அழுதாள். அழுதபடியே அத்தையின் மடியில் தூங்கிப்போனாள். ஷெத்லி சிசிலியில் இருந்தான். நாள் எதையும் சொல்லவில்லை. விதாத் சமையலறை மூலையில் சிவப்பு விளக்கை மாட்டி, ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆமையை அதில் இறக்கினாள். ஸபீபா கழுத்தை நீட்டி நெடுநேரம் குடித்தது. எதிரே வைத்த கீரையை அது தொடவில்லை.